ஜெர்மனியில் படிக்க இறங்கியதும் முதல் வேலை முகவரிதான்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), பிளாக்டு அக்கவுண்ட் (அங்கே செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கிவைக்கும் வங்கிக் கணக்கு) என்று விசா கைக்கு வரும்வரை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிடுகிறார்கள். சறுக்குவது போய் இறங்கிய பிறகு, முகவரி விஷயத்தில்.

குடிபுகுந்த 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்குப் பெயர் ஆன்மெல்டுங். பாஸ்போர்ட்டோடு, நீங்கள் அங்கே குடிவந்ததாக வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளும் வேண்டும்; வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்காகலாம். அதனால் அறை உறுதியானதுமே இணையத்தில் நேரம் பிடித்துவிடுங்கள்.

'ஆன்மெல்டுங் கிடையாது' என்று சொல்லும் அறை மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். பதிவு இல்லையென்றால் வரி எண் வராது, தங்கும் அனுமதியும் சிக்கலாகும். அறையைப் பார்க்கும் முன் பணம் கேட்டு, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவர் ஏமாற்றுக்காரர். முன்பணமும், ஹீட்டிங் போன்ற செலவுகள் சேராத வாடகையில் 3 மாதத் தொகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

அடுத்தது வாசலில் இருக்கும் தபால் பெட்டி. அங்கே வீட்டு எண் மட்டும் போதாது, பெட்டியில் பெயர் இருந்தால்தான் கடிதம் உள்ளே விழும். வங்கி அட்டை ஒரு உறையிலும் அதன் ரகசிய எண் (PIN) இன்னொரு உறையிலும் வரும். வரி எண்ணும் காப்பீட்டு அட்டையும் தபாலில்தான். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும். ஓர் அலுவலகம் உங்கள் பெயரையும் இன்னொன்று அப்பா பெயரையும் குடும்பப் பெயராக எழுதிவிடும். அதனால் இரண்டையும் பாஸ்போர்ட் எழுத்துப்படியே ஒரு சீட்டில் எழுதி, மழையில் நனையாதபடி பெட்டியின் மேல் டேப் போட்டு ஒட்டுங்கள்.

விசா முடியும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அதற்கு 2 மாதம் முன்பாவது வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள், அனுப்பியதற்கான ஆதாரத்தையும் பத்திரப்படுத்துங்கள். தேதி தாண்டி விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை தங்க உதவும் இடைக்காலச் சான்று கிடைப்பதே கஷ்டம்.

அந்த அலுவலக வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர்களையும் கவனியுங்கள்; அவர்களில் துருக்கியரும் இருக்கலாம். 1961-இல் போட்ட ஒப்பந்தப்படி துருக்கியிலிருந்து வந்த தொழிலாளர்களை 'விருந்தாளித் தொழிலாளர்' என்றுதான் அழைத்தார்கள். 1973-இல் ஆள் எடுப்பது நின்றது. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்பதால் பலர் அங்கேயே தங்கிக் குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார்கள். கொலோனின் கொய்ப்ஸ்ட்ராஸெ தெருவில் அவர்கள் பேக்கரிகளையும் நகைக்கடைகளையும் பார்க்கலாம். மாலையில் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூல என்ற முதியோர் கல்வி மையத்தின் (பெரியவர்கள் யாரும் சேரலாம்) மொழி வகுப்பில் சேருங்கள். பல்கலைக்கழக வளாகத்தில் சந்திக்கவே முடியாத செவிலியர், சமையல்காரர், அகதிகள் எல்லாம் அங்கே பக்கத்து பெஞ்சில் இருப்பார்கள்.

ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் ஈழத்தமிழர் எழுப்பியது, 2002-இல் குடமுழுக்கு கண்டது. அங்கே பெரியவர்களோடு பேச வாய்த்தால், எப்படி வந்தீர்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். போரில் யாரை இழந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அன்னதானத்தில் பரிமாற ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.