வீட்டுக் கடனுக்கு இந்தக் காகிதமெல்லாம் எதுக்கு? நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

ஊரில் தாத்தாவின் மனையில் வீடு கட்ட கடன் கேட்டுப் போனபோது, சம்பளச் சீட்டு, ஆதார், பட்டா எல்லாம் வாங்கி வைத்துக்கொண்ட வங்கி, இரண்டு வாரம் கழித்து ஒரு காகிதம் கேட்டது. 1987-ல் தாத்தா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அந்த மனையை அடமானம் வைத்து எட்டாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார், அதைத் திருப்பிக் கட்டியதற்கான ரசீது வேண்டும் என்றார்கள். தாத்தா இறந்து இருபது வருடம் ஆகிறது. கடனைக் கட்டி முடித்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கட்டியதை யாரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை. அதனால், சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நிற்கிறது. சங்கத்தின் பழைய பேரேட்டைத் தேடி எடுத்து, செயலாளரிடம் ரசீது எழுதி வாங்கி, அதைப் பதிவு செய்து முடிக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் கம்பியும் செங்கல்லும் விலை ஏறிக்கொண்டிருந்ததும், கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டதும் தனிக்கதை.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், தவறு என்னுடையது. வில்லங்கச் சான்றை வங்கிக்குக் கொடுத்தேனே தவிர, நான் ஒரு தடவைகூட வரி வரியாகப் படிக்கவில்லை. இதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய வருடங்களுக்கு அலுவலகத்தில் மனு போட்டு வாங்க வேண்டும். வங்கி வக்கீல்கள் பெரும்பாலும் 30 வருட வில்லங்கம் கேட்பார்கள், சந்தேகம் வந்தால் அதற்கு முன்னாலும் போவார்கள். தேடும்போது இப்போதைய சர்வே எண்ணை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். உட்பிரிவு ஆவதற்கு முந்தைய பழைய எண்ணிலும் தேட வேண்டும், உங்கள் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும். பழைய அடமானம், பாதியில் நின்ற கிரய ஒப்பந்தம், பவர் பத்திரம், கோர்ட் ஜப்தி எல்லாம் அப்படித்தான் ஒளிந்திருக்கும்.

வங்கிக்கு நம்மைப் பற்றி எதுவும் தெரியாது. நாம் கடனைக் கட்டாமல் போனால் அதன் கையில் மிஞ்சுவது அந்தச் சொத்து ஒன்றுதான். அதனால் நாளைக்கு யாராவது வந்து "இதில் எனக்கும் பங்கு இருக்கிறது" என்று சொல்ல வழி இருக்கிறதா என்பதைத்தான் அந்த வக்கீல் பத்திரம் பத்திரமாகத் தேடுகிறார். விநோதமாகத் தோன்றும் காகிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் வருகின்றன. ஆகவே ஒரு காகிதம் கேட்கப்பட்டால் "இது எதுக்கு சார்?" என்று தயங்காமல் கேளுங்கள். காரணம் தெரிந்தால், கேட்ட காகிதம் கிடைக்காவிட்டாலும் அதற்குப் பதிலாக எது செல்லும் என்று பேச முடியும். காரணம் கேட்காமல் அலைகிறவர்கள்தான் ஒரே அலுவலகத்துக்கு நாலு தடவை போகிறார்கள். கேட்பதையும் வாய்வழியாக வாங்கிக்கொள்ளாதீர்கள். தேவையான ஆவணங்கள் முழுவதையும் ஒரே பட்டியலாக மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று கேட்பது அதற்குப் பிறகு நன்றாகக் குறையும்.

அடுத்தது பெயர். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆனால் பான் கார்டு விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பாமல் விட முடியாது, அதில் ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், இன்னொருவர் தன் பெயரையே போடுகிறார். விளைவு, பத்திரத்தில் "காளியப்பன் மகன் சுப்பிரமணியன்", ஆதாரில் "சுப்பிரமணியன் கா", பான் கார்டில் "காளியப்பன் சுப்பிரமணியன்", பள்ளிச் சான்றிதழில் "சுப்ரமணியம்". நமக்கு இது ஒரே ஆள், வங்கியின் கணினிக்கு நாலு பேர். பெண்களுக்கு இன்னும் சிரமம், கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல், சிலருக்கு இரண்டும் பாதிப் பாதி.

இதற்கு எல்லோரும் செய்வது, நோட்டரியிடம் போய் "இருவரும் ஒருவரே" என்று ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிக் கொடுப்பது. தாத்தா, பாட்டி போல இறந்துபோனவர்களுக்கு வேறு வழி கிடையாது, அதுதான் சரி. ஆனால் உயிரோடு இருக்கும் நாம் ஏன் ஒவ்வொரு தடவையும் பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும்? கடன் கேட்பதற்கு மூன்று நாலு மாதம் முன்பே ஆதாரையும் பானையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டு, பிறகு வங்கிக் கணக்கு, பி.எஃப். கணக்கு, மின் இணைப்பு, சொத்துவரி என்று வரிசையாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும். பத்திரத்திலேயே பெயரோ சர்வே எண்ணோ எல்லையோ தப்பாக இருந்தால் கதை வேறு, அதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம் பதிவு செய்ய வேண்டும், எழுதிக் கொடுத்தவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதனால் வாங்கும்போதே, விற்பவர் பக்கத்தில் இருக்கும்போதே, வரைவை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். ஐந்து வருடம் கழித்து அவர் எங்கே இருப்பார், எழுத்துப்பிழைக்காக நமக்காக ஒரு நாள் லீவு போட்டு வருவாரா என்பது யாருக்குத் தெரியும்.

பூர்வீகச் சொத்து என்றால், அத்தைமார்களின் கையெழுத்து கேட்பார்கள். இதைச் சிலர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள், "எங்க வீட்டுப் பொண்ணுங்க எதுவும் கேட்க மாட்டாங்க" என்று வக்கீலிடம் வாதாடுகிறார்கள். அவர் கேட்பது சட்டப்படி சரி. தமிழ்நாடு 1989-லேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பங்குரிமை கொடுத்த மாநிலம், 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. தாத்தா தானே சம்பாதித்த சொத்தாக இருந்து உயில் எழுதாமல் இறந்திருந்தாலும் மகள்களுக்குச் சம பங்கு உண்டு. அவர்கள் பங்கை விட்டுக்கொடுத்தால் அது பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக இருக்க வேண்டும், வாய்வார்த்தை செல்லாது. அத்தை இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகள் கையெழுத்துப் போட வேண்டும். நான் மனதாரச் சொல்வது, பதிவுக்கு முந்தின நாள் ஆள் அனுப்பிக் கையெழுத்து வாங்காதீர்கள். நேரில் போய் உட்கார்ந்து, இது உங்கள் பங்கு, இதைத்தான் கேட்கிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றாலும், பங்குக்கு ஈடாக ஏதாவது கொடுக்க முடிந்தால் கொடுங்கள். உறவு கெட்டுப்போன பல வீடுகளில் ஆரம்பம் இந்த ஒரு கையெழுத்துதான்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போனால் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அந்தக் காலத்தில் கிராமத்தில் நடந்த சாவுகள் பல பதிவாகவே இல்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும், இதற்கே சில மாதம் போய்விடும். கடன் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை இது.

விற்பவர் வெளிநாட்டில் இருந்து, அவருக்காகப் பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுகிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஆயுள் சான்று கேட்பார்கள். கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். ஆனால் பவர் கொடுத்தவர் இறந்த நொடியில் அந்தப் பவர் பொதுவாகச் செல்லாமல் போகிறது, அதன் பிறகு ஏஜென்ட் போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை. ஆகவே அதைக் கேட்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

பழைய தாய்ப்பத்திரம், அதாவது சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் பத்திரம், தொலைந்துபோயிருந்தால் மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சான்றிட்ட நகல், போலீஸிடமிருந்து "கண்டுபிடிக்க இயலவில்லை" என்ற சான்று, செய்தித்தாள் விளம்பரம் என்று அதற்கு ஒரு வழி இருக்கிறது. நீங்கள் விற்பவரிடமிருந்து வாங்குவதாக இருந்தால் இதையெல்லாம் அவர் செலவில் அவரையே செய்ய வைக்க வேண்டும், ஏனென்றால் தொலைந்தது என்று சொல்லப்படும் பத்திரம் வேறு யாரிடமாவது கடனுக்காக ஒப்படைக்கப்பட்டிருக்கலாம்.

இப்போது பணம். வங்கிக் கணக்கில் திடீரென்று விழுந்த மூன்று லட்சத்தைக் காட்டி "இது எங்கிருந்து வந்தது?" என்று எழுதிக் கேட்பார்கள். மாமனார் கொடுத்ததாக இருக்கலாம், நகையை விற்றதாக இருக்கலாம், சீட்டு எடுத்ததாக இருக்கலாம். வங்கியின் பயம், அது நாம் வெளியே வட்டிக்கு வாங்கிய பணமோ என்பது. நாலு வரியில் உண்மையை எழுதிக் கொடுங்கள், கூடவே நகைக்கடை பில்லோ, கொடுத்தவரின் கடிதமோ, சீட்டுக் கம்பெனியின் ரசீதோ வையுங்கள், போதும். கதை ஜோடித்தால் அடுத்த கேள்விக்கு இன்னொரு கதை வேண்டியிருக்கும். விண்ணப்பித்ததிலிருந்து பணம் வரும் வரை புதிதாக இ.எம்.ஐ.யில் போன், பைக் வாங்குவதையும் வேலை மாறுவதையும் தள்ளிப் போடுங்கள், கடனை விடுவிக்கும் முன் சிபிலை, அதாவது நம் பழைய கடன்களைக் காட்டும் அறிக்கையை, மறுபடியும் பார்க்கும் வங்கிகள் உண்டு. அந்த அறிக்கையை, சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் வருடத்துக்கு ஒரு முறை நாமே இலவசமாக வாங்கலாம். எப்போதோ மூடிய கிரெடிட் கார்டு அதில் நிலுவையோடு நிற்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

வருமானம் பத்தவில்லை என்றால் சம்பளச் சீட்டை "கொஞ்சம் மாற்றித் தருகிறேன்" என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அது போலி ஆவணம், குற்றம், மாட்டினால் கையெழுத்துப் போட்ட நாம்தான் மாட்டுவோம். அதேபோல வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும், அசல் பத்திரத்தை அத்தாட்சி வாங்காமல் ஏஜென்ட் கையில் கொடுப்பதும் வேண்டாம். வக்கீல் பார்வைக்கு நகல் கொடுங்கள், அசலைக் காட்டச் சொன்னால் நீங்களே கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதில்தான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் கொடுக்கலாம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் முத்திரைத்தாள், பதிவுச் செலவை இந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அப்படியென்றால் 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு அதிகபட்சம் 40 லட்சம் கடன், மீதி 10 லட்சமும் பதிவுக்கு நாலரை லட்சமும் நம் கையிலிருந்து. விற்பவர் "பத்திரத்தில் 35 லட்சம் மட்டும் போடலாம்" என்றால் வங்கி அந்த 35-ஐ வைத்துத்தான் கணக்குப் போடும், மிச்சத்தை எங்கே போய்ப் புரட்டுவீர்கள்? சட்டத்துக்கும் அது விரோதம்.

மனை அங்கீகாரம் இல்லாததா என்பதையும் முன்பே பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான மனைகளை வரன்முறைப்படுத்தத்தான் அரசு 2017-ல் விதிகள் கொண்டுவந்தது. அங்கீகாரமும் இல்லாமல், இந்த வரன்முறை உத்தரவும் இல்லாத மனைக்குப் பெரும்பாலான வங்கிகள் வாசலிலேயே மறுத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகப் பணம் போவது அட்வான்ஸில்தான். வீடு கை நழுவிவிடுமோ என்று அவசரப்பட்டு ஐந்து லட்சம் கொடுத்து, மூன்று மாத ஒப்பந்தம் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு வங்கிக்குப் போகிறோம். வக்கீல் ஒரு காகிதம் கேட்கிறார், விற்பவருக்கு அதைத் தேட அவசரமில்லை, கெடு முடிகிறது, அட்வான்ஸ் போச்சு. நகல்களை வாங்கி உங்கள் சொந்த வக்கீலிடம் சில ஆயிரம் கொடுத்து முதலில் பாருங்கள். ஒப்பந்தத்தில், சொத்து ஆவணக் குறையால் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்று எழுதச் சொல்லுங்கள். நியாயமான விற்பவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார், மறுத்தால் ஏன் என்று யோசியுங்கள்.

கடன் கிடைத்து, அசல் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்து அடமானம் வைத்ததற்கான எம்.ஓ.டி. பதிவு முடிந்த அன்று, வங்கி எந்தெந்த அசல் பத்திரங்களைப் பெற்றுக்கொண்டது என்ற பட்டியலை முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடனை அடைத்த பிறகு 30 நாளுக்குள் அவற்றைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் 1 முதல் விதி வைத்திருக்கிறது. பத்திரம் கைக்கு வந்தாலும் வேலை முடியவில்லை, வங்கி அதிகாரியோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்து புதிதாக வில்லங்கம் போட்டு, அந்த ரசீது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். என் தாத்தா எட்டாயிரத்தையும் வட்டியோடு ஒழுங்காகக் கட்டியவர், அந்த ஒரு பதிவுக்கு மட்டும் போகாமல் விட்டுவிட்டார்.