அகப்பாடலின் மாந்தரை அறிவது எப்படி: ஒரு குறுந்தொகைப் பாடலை முன்வைத்து

காதலைப் பாடும் சங்க அகப்பாடலில் வரும் மாந்தர்க்குப் பெயர் கிடையாது. ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்று தொல்காப்பியம் விதித்துவிட்டதால், தலைவி எந்த ஊரினள், யார் மகள் என்று தேடும் மாணவர் வெறுங்கையோடு திரும்ப நேரும். அவளைப் பற்றி நாம் அறியக்கூடியவை எல்லாம் அவள் பேச்சுக்குள்ளேயே இருக்கின்றன. கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாடலில் இதைப் பழகிப் பார்க்கலாம்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

(வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே. அவன் சொன்னதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்? அவன் கூடிய நாளில், தினைத்தாள் போன்ற சிறு பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் குருகு என்னும் நீர்ப்பறவையும் இருந்தது.)

முதலில், பாடலோடு அச்சாகியிருக்கும் கூற்றுக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். அக்குறிப்பு புலவர் எழுதியதன்று, பின்வந்தோர் சேர்த்தது. யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்பதை நீங்களே ஊகித்து எழுதிய பிறகு, ‘வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது’ (வரைவு என்பது திருமணம்) என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, இன்றும் வழங்கும் சொற்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அருஞ்சொற்களைவிட அவையே அதிகம் ஏமாற்றும். ‘மணந்த’ என்பதைத் திருமணம் என்று கொண்டால் பாடலே குலைந்துவிடும். ஊரறிய மணம் நடந்திருந்தால் சாட்சிக்குப் பஞ்சமேது? களவில், அதாவது ஊரறியாமல், கூடிய நாளையே அவள் சொல்கிறாள். வரைவு தள்ளிப்போகும் வேளையில் அவனைக் ‘கள்வன்’ என்னும்போது, அதில் அச்சமும் இருக்கிறது, இன்னும் விட்டுப்போகாத உரிமையும் இருக்கிறது.

பாடலின் உயிர் அந்தக் குருகில்தான் இருக்கிறது. ஐந்து அடிகளில் ஏறத்தாழப் பாதியை அதற்கே கொடுத்திருக்கிறாள். தலைவனின் தோற்றத்துக்கு ஒரு சொல்லும் இல்லை. அங்கிருந்த ஒரே சாட்சி அது. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்றே பார்த்து நின்றது. ‘குருகும்’ என்பதிலுள்ள உம்மையை விட்டுவிடாதீர்கள்: யாரும் இல்லை என்று தொடங்கியவள், ஏதேனும் ஒரு சான்று கிடைக்காதா என்று நினைவைத் துழாவி அந்தப் பறவையைக் கண்டெடுக்கிறாள். அதன் கால்கள் வரை நினைவில் நிற்பதால், அந்நேரம் நாணத்தால் அவள் பார்வை தாழ்ந்திருந்தது என்று நான் கொள்கிறேன். நீங்கள் வேறாகக் கொண்டாலும் அதற்குரிய சொல்லைப் பாடலிலிருந்தே காட்ட வேண்டும்.

திணை குறிஞ்சி என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். மலைநிலப் பயிரான தினை இங்கே உவமையாக வருகிறது. தினைப்புனத்தோடு பழகியவள் கண்ணுக்கே குருகின் கால் தினைத்தாளாகத் தெரியும்.

இறுதியாகச் சிறு சொற்களை எண்ணுங்கள். ‘தான்’ மும்முறை வருகிறது, ‘யான்’ ஒரே முறை. ‘நாம்’ என்பது இல்லவே இல்லை. இதே கண்ணோடு 40ஆம் பாடலைப் படியுங்கள்: அங்கே தலைவன் ‘யானும் நீயும் எவ்வழி அறிதும்’ என்று அவளை நேரில் பார்த்துப் பேசுகிறான்.