மெக்சிகன் கடை நல்ல கடையா? ஊருக்கு ஊர் மாறும் தரத்தைக் கண்டுபிடிக்க ஒரு செய்முறை

டாலஸில் சாப்பிட்ட என்சிலாடா (டோர்டியா என்கிற மெல்லிய ரொட்டியைச் சுருட்டி மேலே சாறு ஊற்றியது) மாதிரி நியூ ஜெர்சியின் எடிசனில் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள், பெரும்பாலும் ஊர் மாறியும் பண்டத்தை மாற்றாதவர்கள். அமெரிக்காவில் ‘மெக்சிகன்’ என்று போர்டு மாட்டிய கடைகளுக்குள் குறைந்தது ஆறேழு தனித்தனிச் சமையல்கள் இருக்கின்றன. ஒரு கடையின் தரத்தைச் சொல்வதற்கு முன்னால் அது எந்தச் சமையலைச் செய்யும் கடை என்று தெரிய வேண்டும். அதன் பிறகு நான்கைந்து இடங்களில் பார்த்தால் போதும், முதல் தட்டு வருவதற்குள்ளேயே பாதி தெரிந்துவிடும்.

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: ஊரைப் பாருங்கள்

டெக்சஸில் இருந்தால் உங்களைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் டெக்ஸ்-மெக்ஸ். மஞ்சள் சீஸ், சீரகம், மாட்டிறைச்சி, கொழுப்பில் மைதா வறுத்துக் கெட்டியாக்கிய மிளகாய் கிரேவி, இவைதான் அதன் அடையாளம். ‘இது போலி மெக்சிகன்’ என்று சொல்பவர்கள் உண்டு. 1836 வரை டெக்சஸே மெக்சிகோவின் பகுதிதான். அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் சமையல் அது. அங்கே போய் மொலே (மிளகாய் அரைத்த கெட்டிக் குழம்பு) கேட்டு ஏமாறுவதைவிட சீஸ் என்சிலாடாவோ ஃபஹீத்தாவோ (நெருப்பில் வாட்டிய இறைச்சிக் கீற்றுகள்) கேளுங்கள். ஃபஹீத்தாவை ஊரறியச் செய்ததில் ஹூஸ்டனில் நின்ஃபா லோரென்சோ 1973-இல் தொடங்கிய உணவகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்கோ என்பது உள்ளே கறி வைத்து மடித்த டோர்டியா; சான் அன்டோனியோவில் ‘பஃபி டாக்கோ’ கிடைத்தால் விடாதீர்கள். சுடாத மக்காச்சோள மாவை அப்படியே எண்ணெயில் போட்டுப் பூரி மாதிரி உப்பவைத்து, மடித்து எடுப்பார்கள்.

நியூ மெக்சிகோவில் பரிமாறுபவர் முதலில் கேட்பது ‘சிவப்பா, பச்சையா?’ என்றுதான். மிளகாய்ச் சாற்றைப் பற்றிய கேள்வி அது. இரண்டும் வேண்டுமென்றால் ‘கிறிஸ்துமஸ்’ என்று சொல்ல வேண்டும். அங்கே கடையின் தரம் என்றாலே அந்தச் சாற்றின் தரம்தான்.

அரிசோனாவில், குறிப்பாக டூசான் பக்கம், எல்லைக்கு அப்பால் இருக்கும் சோனோரா மாநிலத்தின் கைமணம். சோனோரா கோதுமை விளையும் பூமி என்பதால் அங்கே மைதா டோர்டியாதான் ராஜா. நல்ல கடையின் டோர்டியாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் தெரியும். தடித்து, மாவு வாசனை அடித்தால் பாக்கெட் சரக்கு.

கலிஃபோர்னியா ஒரே சமையல் அல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் 1960-களில் உருவானது, மைதா டோர்டியாவில் சாதமும் பீன்ஸும் வைத்துச் சுருட்டி அலுமினியத் தாளில் சுற்றிய பெரிய புரிட்டோ. சான் டியேகோ புரிட்டோவில் பெரும்பாலும் சாதம் இருக்காது; உள்ளே உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் வைப்பதும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தவர் ஏராளம். மொலேயையும் ட்லாயுடாவையும் (மேலே பீன்ஸ், சீஸ் பரப்பிய பெரிய மொறுமொறு டோர்டியா) அங்கே தைரியமாகக் கேட்கலாம்.

சிகாகோவில் பில்சன், லிட்டில் வில்லேஜ் பகுதிகளுக்குப் போய் எடைக்கு விற்கும் கார்னிடாஸ் (கொழுப்பிலேயே பொரித்த பன்றி இறைச்சி) கேளுங்கள். நியூயார்க்கில் புவேப்லா மாநிலத்தவர் அதிகம். அங்கே செமிடா என்கிற எள்ளு பன் சாண்ட்விச்தான் கேட்க வேண்டிய பண்டம். எடிசன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத செய்தி: பக்கத்து ஊரான நியூ பிரன்ஸ்விக்கில் ஓஹாக்கா மக்கள் கணிசமாக இருக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்துச் சங்கிலிக் கடையைத் தாண்டிப் பத்து நிமிஷம் கூடுதலாக வண்டி ஓட்டினால் பலன் உண்டு.

தென்கிழக்கு மாநிலங்களிலும் மத்திய மேற்கின் சிற்றூர்களிலும் 1 முதல் 30 வரை எண் போட்ட காம்போ மெனுவும், தண்ணீராக ஓடும் வெள்ளைச் சீஸ் டிப்பும் இருக்கும் கடைகள் சகஜம். இவை மோசமான கடைகள் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுப்பில் வாட்டிய கோழி, இறால் மாதிரி நேரடியான பண்டங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அட்லான்டாவின் பியூஃபர்ட் ஹைவே இதற்கு விதிவிலக்கு.

படி 2: போர்டையும் மெனுவையும் படியுங்கள்

போர்டிலோ சுவரிலோ மெக்சிகோவின் ஒரு மாநிலத்தின் பெயர் இருந்தால் நல்ல சகுனம். ஹலிஸ்கோ என்றால் பிர்ரியா, மிளகாய் மசாலாவில் நிதானமாக வேகவைத்த கறி. மிச்சோவாகான் என்றால் கார்னிடாஸ். சினலோவா, நயாரித் என்றால் கடல் உணவு. ஓஹாக்கா என்றால் மொலே. யுகட்டான் என்றால் வாழை இலையில் சுற்றி வேகவைத்த பன்றி இறைச்சியான கொச்சினிட்டா பிபில். ‘பிர்ரியேரியா’ (பிர்ரியா கடை), ‘மரிஸ்கேரியா’ (கடல் உணவுக் கடை) என்று ஒரே பண்டத்தின் பெயரைக் கடைக்கே வைத்திருந்தால் இன்னும் நல்லது.

மெனு எட்டுப் பக்கம் இருந்து, ஆறு மாநிலத்துப் பண்டங்களும் அதில் இருந்தால் உஷாராகுங்கள். தோசை, தந்தூரி, ஃப்ரைட் ரைஸ் மூன்றையும் ஒரே அடுப்பில் செய்யும் கடையைப் பற்றி நமக்கு என்ன தெரியுமோ அதேதான் இங்கும்.

உட்கார்ந்ததும் சிப்ஸ் வருவதையோ வராததையோ வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இலவச சிப்ஸ் பெரும்பாலும் அமெரிக்கப் பழக்கம். வந்தால் ஒன்றை உடைத்து முகர்ந்து பாருங்கள். டோர்டியாவை வெட்டி அங்கேயே பொரித்தது என்றால் ஓரம் சீராக இருக்காது, மேலே குமிழ் இருக்கும். பழைய எண்ணெய் வாசனை வந்தால் அந்தக் கடையில் பொரித்த எதையும் கேட்க வேண்டாம், அதே எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும்.

படி 3: டோர்டியா

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் போதும்.

மக்காச்சோள டோர்டியா செய்ய, காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் லேசாக வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைக் கழுவி எடுத்து அரைக்க வேண்டும். நாம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதுவும் ஒரே பொருள்தான். 1 கிலோ சோளத்துக்குச் சுமார் 10 கிராம் போதும். இப்படித் தயாரான சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர், அரைத்த மாவு மாசா. சுண்ணாம்பு மூன்று வேலை செய்கிறது: தோலைக் கழற்றுகிறது, மாவு ஒட்டிச் சேர வைக்கிறது, சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்கிற வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ள வழி செய்கிறது.

இதையெல்லாம் தினமும் செய்ய ஆளும் அரைக்கும் கல்லும் வேண்டும். அதனால் கடைகள் மூன்று வகையாகப் பிரிகின்றன: சொந்தமாக நிஷ்டமால் அரைப்பவை, மாசேகா என்கிற பிராண்டு மாதிரி உலர்மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைபவை, பாக்கெட் டோர்டியாவைச் சூடாக்கித் தருபவை. மெக்சிகர் அதிகம் வாழும் ஊரில் டோர்டியா ஆலை பக்கத்திலேயே இருக்கும், காலையில் சுட்டது மதியம் கடைக்கு வந்துவிடும். ஆலை இல்லாத ஊருக்கு அதே பண்டம் பல நாள் கழித்து லாரியில் வந்து சேரும். ஊருக்கு ஊர் தரம் மாறுவதற்கான காரணத்தில் பெரிய பங்கு இதுதான்.

தட்டில் வந்ததும் டோர்டியாவை மட்டும் ஒரு துண்டு பிய்த்து வாயில் போடுங்கள். நல்ல மாசா என்றால் வேகவைத்த சோளக்கதிரின் வாசனையும், பின்னாலேயே மெல்லிய சுண்ணாம்பு வாசனையும் வரும். மேலே ஆங்காங்கே கருகிய புள்ளிகள் இருக்கும், ஒரு பக்கம் மெல்லிய படலமாகப் பிரிந்திருக்கும். ஃபுல்கா மாதிரி கல்லில் உப்பியதற்கு அடையாளம் அந்தப் படலம். பாக்கெட் சரக்கில் லேசான புளிப்பு நாற்றம் வரும், பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்ப்பவற்றின் வேலை அது. மடித்தால் நடுவில் விரிசல் விட்டால் பழசு, அல்லது சரியாகச் சூடாக்கவில்லை.

இரண்டு குழப்பங்களைத் தவிருங்கள். டாக்கோவுக்கு இரண்டு டோர்டியா அடுக்கிக் கொடுப்பது ஏமாற்று அல்ல. மெல்லிய ஆலை டோர்டியா சாறு பட்டால் கிழியும் என்பதால் வைப்பது. ‘கையால் செய்தது’ என்று எழுதியிருந்தால் அது நிஷ்டமால் என்றும் அர்த்தமல்ல, உலர்மாவையும் கையால் தட்டலாம். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கேட்டுவிடுங்கள்: ‘தெ மாசேகா ஓ தெ நிஷ்டமால்?’ நிஷ்டமால் அரைக்கும் கடைக்காரர் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார்.

நாக்குக்கு அளவுகோல் இல்லை என்றால் வீட்டில் ஒரு முறை செய்து பாருங்கள். 2 கப் மாசா உலர்மாவு, அரை டீஸ்பூன் உப்பு, ஒன்றரை கப் வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து ஈரத்துணி மூடி 20 நிமிஷம் விடுங்கள். 35 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே கனமான தட்டால் அழுத்துங்கள். நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் முதல் பக்கம் 30 வினாடி, மறுபக்கம் ஒரு நிமிஷம், மறுபடி திருப்பினால் உப்பும். எடுத்ததும் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வையுங்கள். அந்த ஆவியில்தான் மென்மை வரும். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை. பிளாஸ்டிக்கில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. உப்பவில்லை என்றால் கல் சூடு பத்தவில்லை, அல்லது தடிமன் அதிகம். இந்தியக் கடையில் விற்கும் மக்காச்சோள மாவு இதற்கு ஆகாது. சுண்ணாம்பில் வேகாத மாவு, எவ்வளவு பிசைந்தாலும் உதிரும்.

படி 4: சல்சா

சல்சா என்பது தொட்டுக்கொள்ளும் மிளகாய்ச் சட்னி; இரண்டு வகையாவது இருக்க வேண்டும். சிவப்பில் கருகிய தோலின் கறுப்புத் துகள்கள் மிதந்தால் தக்காளியையும் மிளகாயையும் சுட்டு அரைத்திருக்கிறார்கள். சீராக, வழவழப்பாக, இனிப்பாக இருந்தால் டின். மேலே கொஞ்சம் தண்ணீர் பிரிந்து நிற்பது குறையல்ல, நம் சட்னியும் அப்படித்தான். வெளிர்பச்சையாகக் கெட்டியாக இருப்பதை அவகாடோ என்று நம்பி அள்ளி ஊற்றாதீர்கள். பல டாக்கோக் கடைகளில் அது ஹலப்பேனோ என்கிற பச்சை மிளகாயை எண்ணெயோடு அடித்துத் திரட்டியது. ஆரஞ்சு நிறத்தில் வந்தால் மிகக் காரமான ஹபனேரோ மிளகாயாக இருக்கலாம், ஒரு சொட்டில் ஆரம்பியுங்கள்.

படி 5: பரீட்சைக்கு ஒரே ஒரு பண்டம்

முதல் தடவை போகும்போது நாலு பேருக்கு நாலு காம்போ வாங்காதீர்கள். அந்தக் கடையின் பெயருக்கு உரியதை ஒன்று கேளுங்கள்.

டாக்கோக் கடை என்றால் அல் பஸ்தோர். லெபனானிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த ஷவர்மா முறை மெக்சிகோவில் பன்றி இறைச்சிக்கும் அச்சியோட்டே என்கிற சிவப்பு விதை மசாலாவுக்கும் மாறியதன் விளைவு இது. முதலில் த்ரோம்போ என்கிற அந்தச் செங்குத்துக் கம்பி கண்ணில் படுகிறதா, நெருப்பு எரிகிறதா என்று பாருங்கள். சீவி வந்த இறைச்சி மெல்லிய சுருள்களாக, ஒரு ஓரம் மட்டும் மொறுமொறுவென்று கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே சிவப்பாக, ஈரமான சதுரத் துண்டுகளாக வந்தால் அது தவாவில் வதக்கியது. சாப்பிட நன்றாகவே இருக்கலாம், ஆனால் அல் பஸ்தோர் இல்லை. கம்பி இருந்தும் நெருப்பு அணைந்திருப்பது கூட்டம் குறைந்த நேரத்தில் நடக்கும். வாங்க ஆள் இல்லாமல் எரியவிட்டால் இறைச்சி காய்ந்துபோகும் என்பதால் அணைத்து வைக்கிறார்கள். அதனால் கூட்டம் சேரும் வெள்ளி, சனி இரவு போங்கள்.

கார்னிடாஸில் துண்டு ஒன்றை விரலால் அழுத்தினால் நாராகப் பிரிய வேண்டும், வெளியே பொன்னிறம் ஏறியிருக்க வேண்டும். தண்ணீரில் வேகவைத்துப் பிய்த்த இறைச்சிக்கு அந்த நிறம் வராது. கொழுப்பிலேயே நிதானமாகப் பொரிந்தால்தான் வரும். மொலே இனிப்புச் சாக்லேட் சாஸ் மாதிரி மட்டும் இருந்தால் ஜாடி விழுது. நல்ல மொலேயில் மிளகாயின் கசப்பு கடைசியில் நாக்கில் நிற்கும்.

படி 6: சைவமா, மாடு சாப்பிடாதவரா? இதைக் கேளுங்கள்

பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு, சிவப்புச் சாதத்தில் கோழிச் சாறு, மைதா டோர்டியாவிலும் தமாலே (இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த மாசா) மாவிலும் மறுபடி பன்றிக் கொழுப்பு. கைமணம் உள்ள பழைய பாணிக் கடையில்தான் இது கூடுதலாக இருக்கும் என்பது சைவர்களுக்குச் சங்கடமான உண்மை. ‘லோஸ் ஃப்ரிஹோலெஸ் தியெனென் மந்தேகா?’ என்றால் பீன்ஸில் கொழுப்பு உண்டா என்று அர்த்தம். ‘சின் கார்னே’ என்று மட்டும் சொன்னால் சிலர் மாட்டிறைச்சியை மட்டும் நீக்கிவிட்டுக் கோழியை வைத்துத் தருவார்கள். ‘நி போய்யோ, நி கால்தோ தெ போய்யோ’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்: கோழியும் வேண்டாம், கோழிச் சாறும் வேண்டாம். நொப்பால் என்கிற கள்ளி மடல், ரஹாஸ் என்கிற மிளகாய்க் கீற்று, பூசணிப்பூ வைத்த கெசடீயா (சீஸ் வைத்து மடித்துச் சுட்ட டோர்டியா) மூன்றும் மெக்சிகர்களே விரும்பிச் சாப்பிடுபவை. சைவத்துக்காக ஒட்டுப்போட்டவை அல்ல. அவை மெனுவில் இருக்கிறதா என்பதும் கடையைப் பற்றி ஒரு தகவல்தான்.

மாடு சாப்பிடாதவர்கள் கவனிக்க: பிர்ரியா ஹலிஸ்கோவில் ஆட்டுக்கறி, அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் மாடு. டெக்சஸில் பார்பகோவா என்றால் மாட்டின் தலைக்கறி. லெங்குவா நாக்கு. வெறும் ‘கார்னே’ என்று இருந்தால் மாடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: நேரம்

பொசோலே (நிஷ்டமால் சோளமும் கறியும் சேர்ந்த சூப்), மெனுடோ (மாட்டுக் குடல் சூப்), பார்பகோவா மூன்றும் பல கடைகளில் சனி, ஞாயிறு மட்டும்தான். இரவே அடுப்பில் ஏற்றி விடியலில் இறக்குவது, அண்டா காலியானால் அவ்வளவுதான். பிற்பகல் மூன்று மணிக்குப் போய்க் கேட்டு, உடனே கொண்டுவந்து வைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ‘யா நோ ஆய்’, தீர்ந்துபோச்சு என்று கையை விரிக்கும் கடைக்கு அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போங்கள்.