37.5° ஏன் 38° ஆகிறது? ஆட்டோகேடில் கோண டைமென்ஷனைச் சரியாக அமைக்க

பட் வெல்டிங்குக்காக, அதாவது இரண்டு பைப்பின் முனைகளை எதிரெதிரே வைத்துப் பற்றவைப்பதற்காக, பைப் முனையைச் சரிவாகச் சீவும் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) பி16.25 தரப்படி அந்தச் சரிவு 37.5°, 2.5° கூடலாம், குறையலாம். இரண்டு பைப்பையும் எதிரெதிரே வரைந்து டைமென்ஷன் போட்டால் இந்தப் பக்கம் 38°, அந்தப் பக்கம் 38°, மொத்தம் 75° என்று வந்து நிற்கும். படத்தைச் சரிபார்ப்பவர் சும்மா விடுவாரா? கோடுகளில் தப்பே இல்லை. ஆட்டோகேடில் தயாராக இருக்கும் ஐஎஸ்ஓ-25 என்ற டைமென்ஷன் ஸ்டைலில் கோணத்தின் பிரிசிஷன் (புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் என்பது) 0 என்று இருப்பதால் வந்த வினை.

இதை ‘யூனிட்ஸ்’ கட்டளையில் மாற்றப் பார்ப்பவர்கள் நிறைய. அங்கே என்ன மாற்றினாலும் டைமென்ஷன் எண் அசையாது. போக வேண்டிய இடம் டைமென்ஷன் ஸ்டைல்.

முதலில் D என்ற ஆங்கில எழுத்தைத் தட்டி என்டர் கொடுங்கள். டைமென்ஷன் ஸ்டைல் மேனேஜர் திறக்கும். ஐஎஸ்ஓ-25ஐத் தேர்ந்தெடுத்து ‘நியூ’ அழுத்துங்கள். வரும் பெட்டியில் பெயரை விட்டுவிட்டு, கீழே ‘யூஸ் ஃபார்’ என்பதில் ‘ஆங்குலர் டைமென்ஷன்ஸ்’ என்று மாற்றி ‘கன்டினியூ’ கொடுங்கள். இப்படிச் செய்தால் ஐஎஸ்ஓ-25க்கு அடியில் கோணத்துக்கு மட்டும் ஒரு துணை ஸ்டைல் உருவாகும். நீள அளவுகள் பழையபடியே இருக்கும். கட்டடப் படம் வரைகிறவர்களுக்கு இது ரொம்ப உதவும்: நீளத்துக்குச் சாய்கோடு, கோணத்துக்கு அம்புமுனை என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ‘பிரைமரி யூனிட்ஸ்’ பக்கம். அதில் இரண்டு பிரிசிஷன் இருக்கும். மேலே இருப்பது நீளத்துக்கு. ‘ஆங்குலர் டைமென்ஷன்ஸ்’ கட்டத்துக்குள் இருப்பதை 0.0 ஆக்குங்கள். அதற்குக் கீழே ‘டிரெய்லிங்’ பெட்டியில் டிக் போட்டால் 90.0° என்று வராமல் 90° என்றே வரும், 37.5° அப்படியே நிற்கும். ‘யூனிட்ஸ் ஃபார்மட்’ டெசிமல் டிகிரியாகவே இருக்கட்டும். டிகிரி-நிமிடம்-வினாடி நில அளவைப் படத்துக்குத்தான் சரி. பட்டறையில் 37°30' என்று கொடுத்துக் குழப்ப வேண்டாம்.

‘டெக்ஸ்ட்’ பக்கத்தில் அலைன்மென்டை ‘ஹரிசான்டல்’ ஆக்கினால் எண் சாயாமல் நேராக நிற்கும். ஓகே, க்ளோஸ். அதே ஸ்டைலில் முன்பே போட்ட கோண அளவுகளும் தாமாக மாறிவிடும்.

இனி கோணத்தைப் போடலாம். டிம்ஆங்குலர் கட்டளை கொடுத்து, பைப் முனையின் செங்குத்துக் கோட்டையும் சரிவுக் கோட்டையும் தொடுங்கள். மவுஸை நகர்த்த நகர்த்த எண் 37.5°, 142.5° என்று மாறும், ஏனென்றால் வெட்டும் இரண்டு கோடுகளுக்கு நடுவே நான்கு கோணங்கள். எண்ணைத் தள்ளி வைக்க இடம் தேடும்போது கோணமே மாறினால், கட்டளை வரியில் ‘குவாட்ரன்ட்’ தேர்ந்தெடுத்து வேண்டிய கோணத்துக்குள் ஒரு க்ளிக். அதற்குப் பிறகு எங்கே இழுத்தாலும் அதே கோணம்தான்.

கடைசியாக ±2.5°. டைமென்ஷனைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+1 அழுத்தி, ப்ராபர்ட்டீஸில் ‘டெக்ஸ்ட் ஓவர்ரைடு’ பெட்டியில் <>±2.5° என்று கொடுங்கள். <> இருக்கும் இடத்தில் அளந்த மதிப்பு வரும். கோடு மாறினால் எண்ணும் மாறும். அங்கே 37.5 என்று கையால் அடித்துவிட்டால், நாளைக்குச் சரிவை 30° ஆக்கினாலும் படம் 37.5° என்றே சொல்லும்.