காபியைக் காகித வடிதாளில் வடியுங்கள்
காபித்தூளைக் கொதிக்கவிட்டு இறக்காமலும் உலோக வடிகட்டியை மட்டும் நம்பாமலும் காகித வடிதாளில் வடித்துக் குடித்தால், கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை உயர்த்தும் கஃபெஸ்டால், கஹ்வியோல் ஆகியவை பெரும்பாலும் கோப்பைக்கு வராது. இவை காபிக்கொட்டையின் எண்ணெயில் இருப்பவை. உலோகத் துளைகளில் நுண்தூளோடு இறங்கிவிடும் அந்த எண்ணெயைக் காகித இழைகள் பிடித்துக்கொள்வதால், வடித்த காபியின் மேல் எண்ணெய் மினுமினுப்பும் அநேகமாகத் தெரியாது.

இன்ஸ்டன்ட் காபியில் இவை ஏற்கெனவே மிகக் குறைவு என்பதால் அதற்கு வடிதாள் வீண் செலவு. வறுக்கும்போது உருவாகும், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் வேதிப்பொருளான அக்ரிலமைடோ நீரில் கரைவதால் எந்தத் தாளிலும் நிற்காது. அது வறுவலின் தொடக்கத்தில் பெருகிப் பின்னர் சிதைவதால், அதைக் குறைக்க விரும்புவோர் இளவறுவலைவிடக் கருவறுவலைத் தேர்ந்தெடுக்கலாம், கசப்பு ஒத்துக்கொண்டால்.