ஜப்பானியரிடம் நன்றி சொல்லும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஜப்பானுக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்த இடம்தான். நண்பனிடம் 'அரிகத்தோ', மற்றவர்களிடம் 'அரிகத்தோ கொசாய்மாஸ்' என்பதெல்லாம் முதல் வாரப் பாடத்திலேயே வந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

சுமிமாசென் கேட்டால் மன்னிப்பு என்று நினைப்பது

லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளே வருபவர் 'சுமிமாசென்' என்பார். உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன் என்று உணர்ந்து சொல்லும் நன்றி அது. நீங்களும் சொல்லலாம். ஆனால் ஒருவர் வாழ்த்தினாலோ பாராட்டினாலோ அங்கே அரிகத்தோ கொசாய்மாஸ்தான்.

அடுத்த நாள் நன்றியை மறப்பது

புதிதாக வந்த ஒரு தம்பியையும் எங்களையும் கச்சோ, அதாவது பிரிவுத் தலைவர், இசகாயாவுக்கு, அதாவது குடித்துச் சாப்பிடும் ஜப்பானிய உணவகத்துக்கு, அழைத்துப்போனார். பில் முழுக்க அவரே கட்டினார். தம்பி வாசலில் நன்றாகக் குனிந்து 'கோச்சிசோசமா தெஷ்தா', அதாவது சாப்பாட்டுக்கு நன்றி, என்று சரியாகவே சொன்னான். மறுநாள் காலை, கூட வந்திருந்த ஜப்பானியர்கள் ஒவ்வொருவராகக் கச்சோவின் மேசைக்குப் போய், 'கினோ வா கோச்சிசோசமா தெஷ்தா' என்று நேற்றைய சாப்பாட்டுக்கு மறுபடி நன்றி சொன்னார்கள். தம்பி காலை வணக்கம் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டான். கேட்டால், "நேத்தே சொல்லிட்டேனே அண்ணா, அப்புறம் எதுக்கு?" என்கிறான்.

இந்தக் கேள்விதான் எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுகிறது. அவன் மேல் அல்ல, இதைச் சொல்லித் தராத வகுப்புகள் மேல். ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. அதன் இரண்டாவது உயர்ந்த நிலையான என்2 பாஸ் செய்துவிட்டு வருகிறவனுக்கும் இது தெரிவதில்லை.

ஜப்பானில் அந்த இடத்திலேயே சொல்கிற நன்றி பாதிதான். அடுத்த முறை பார்க்கும்போது சொல்வதுதான் மீதி: நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை என்று காட்டுவது. சில நாள் கழிந்திருந்தால் 'சென்ஜித்ஸு வா அரிகத்தோ கொசாய்மாஷ்தா', அதாவது அன்றைக்குச் செய்ததற்கு நன்றி, என்று தொடங்க வேண்டும். ஊருக்குப் போய்வந்தவர் மேசையில் வைத்த இனிப்புக்கும் இது பொருந்தும். உங்கள் குழந்தைக்குச் சக ஊழியரின் மனைவி ஏதாவது கொடுத்தனுப்பியிருந்தால், அந்த ஊழியரிடம் நீங்கள் சொல்ல வேண்டும்.

விட்டுவிட்டால் யாரும் திருத்த மாட்டார்கள். முகம்கூட மாறாது. ஆனால் அதை மனதில் குறித்துக்கொள்வார்கள். அடுத்த அழைப்பு வராமல் போகலாம், ஏன் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

வாலில் மட்டும் மரியாதை

'ஒஷியேத்தே குரேத்தே அரிகத்தோ கொசாய்மாஸ்': சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. முடிவில் மரியாதை இருக்கிறது, ஆனால் 'குரேத்தே' சமமானவர்களுக்கும் இளையவர்களுக்கும் உரியது. ஆசிரியர், மேலதிகாரி, வாடிக்கையாளர் என்றால் 'ஒஷியேத்தே குதசத்தே' என்று மாற்றுங்கள். அவர் செய்த செயலுக்கும் மரியாதை தர வேண்டும், சரியா?

மேலதிகாரியிடம் 'கொகுரோசமா'

வேண்டாம். அது, உழைத்ததற்கு நன்றி என்று மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்வது. 'ஒத்ஸுகரேசமா தெஸ்' போதும்.

வெறும் 'தோமோ'

இந்தச் சுருக்கமான நன்றி கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது சரி. மேலாளரிடம் போதாது.

இன்னும் முடிந்திராத உதவிக்கு 'கொசாய்மாஷ்தா'

வகுப்பு முடிந்து எழும்போது, கடையை விட்டு வெளியே வரும்போது இந்த இறந்தகால வடிவம் சரி. உங்கள் விசா வேலையை இன்னும் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் சொன்னால், அவர் வேலை முடிந்துவிட்டது போல ஆகிவிடும். அங்கே 'கொசாய்மாஸ்'.

மேலதிகாரியின் நன்றிக்கு 'தோ இதாஷிமாஷ்தே'

'பரவாயில்லை' என்பதற்குப் புத்தகம் தரும் பதில். மேலதிகாரியிடம் சொன்னால், ஆமாம், உதவினேன் என்று ஏற்றுக்கொள்வது போலக் கேட்கும். 'இயே இயே' அல்லது 'தொன்தெமோனாய் தெஸ்' (அதெல்லாம் ஒன்றுமில்லை) என்று சொல்லி லேசாகத் தலை குனியுங்கள்.