கோடையில் பூங்கா இதமாக இருக்க: திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பூங்கா கோடையில் எவ்வளவு இதமளிக்கிறது என்பதைக் காற்றின் வெப்பநிலையை மட்டும் கொண்டு மதிப்பிடுவதே முதன்மையான தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. பகலில் பூங்காவின் காற்று அக்கம்பக்கத்துத் தெருக்களைவிடப் பெரும்பாலும் 1 அல்லது 2 டிகிரி செல்சியஸ் அளவுக்கே குளிர்ந்திருக்கும். ஆயினும் அடர்ந்த மரத்தடிக்கு வந்ததும் உடலுக்குப் பெரிய ஆறுதல் கிடைப்பதற்குக் காரணம், நேர்வெயிலும், சூடேறிய தரையும் சுவரும் உமிழும் வெப்பக் கதிர்வீச்சும் அங்கே வெகுவாகக் குறைந்துவிடுவதுதான். எனவே சாதாரண வெப்பமானியோடு, கதிர்வீச்சின் வெப்பத்தையும் உணர்ந்து காட்டும் கருங்கோள வெப்பமானியையும் (கறுப்புக் கோளத்துக்குள் பொருத்திய வெப்பமானி) வைத்து, காற்றின் வேகத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

பச்சையாகத் தெரியும் பரப்பெல்லாம் குளிர்ச்சி தரும் என்று நம்புவது அடுத்த தவறு. ஈரமுள்ள புல்வெளி நீரை ஆவியாக்கித் தன் பரப்பைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஆனால் அதன்மேல் நிற்பவருக்கு நிழல் தருவதில்லை, காய்ந்துவிட்டாலோ அந்தக் குளிர்ச்சியும் போய்விடும். செயற்கைப் புல்தரையின் மேற்பரப்பு கடும் வெயிலில் 60 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதால், குழந்தைகள் விளையாடும் இடத்தில் அதை நிழலின்றி விரிப்பதை ஏற்கவே முடியாது. அதற்காக முழுப் பரப்பையும் மரங்களால் மூடுவதும் சரியன்று. திறந்த புல்வெளி இரவில் தன் வெப்பத்தை வானை நோக்கி உமிழ்ந்து விரைவாகக் குளிர்கிறது, அடர்ந்த இலைக்கூரையோ அதைத் தடுக்கிறது. ஆகவே இரண்டும் கலந்திருக்க வேண்டும்.

நண்பகல் நிழலைக் கணக்கிட்டு இருக்கைகளை அமைப்பதும் பரவலாகக் காணப்படும் பிழையாகும். பிற்பகலில் சூரியன் மேற்கே சாயும்போது நிழல் கிழக்கே நீளுகிறது. மரத்துக்கு மேற்கே போடப்பட்ட இரும்பு இருக்கை அந்நேரம் தொட முடியாதபடி கொதிக்கும். வெளிர்நிறக் கற்களைப் பாவினால் தரை குறைவாகவே சூடேறும் என்பது உண்மையே, ஆனால் அவை எதிரொளிக்கும் வெயில் நடப்பவரின் மேல் விழுகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வறண்ட காற்றுள்ள நகரில் பயன் தரும் நீரூற்று, ஈரப்பதம் மிகுந்த நகரில் வியர்வை உலர்வதை மேலும் கடினமாக்கலாம். அத்தகைய நகரில் காற்றோட்டமே முதல் தேவை. சுற்றுச்சுவரும் ஆளுயரப் புதர்வேலியும் அதைத்தான் மறிக்கின்றன.

அடிமரம்வரை சிமெண்ட் பூசுவதால் வேர்களுக்கு நீர் கிட்டுவதில்லை. நீரின்றி வாடும் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்வதால், இலை வழியே நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும் நீராவிப்போக்கு குறைகிறது, நாளடைவில் இலையுதிர்ந்து நிழலும் சுருங்குகிறது. இவை அனைத்தையும் சரியாக அமைத்துவிட்டு, வெயில் உச்சத்தில் இருக்கும் நண்பகலில் வாயிலைப் பூட்டிவைத்தால், நிழல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது எவருக்கும் கிடைக்காது.